ஒரே மோசடி, இருவேறு நீதி: கம்பெனிகளைக் கண்காணிக்கும் முறை நாட்டுக்கு நாடு ஏன் மாறுகிறது?

மாசிவீதி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். இது ஏஜிஎம் காலம், அதாவது பங்குதாரர்களின் ஆண்டுப் பொதுக்கூட்டக் காலம். தினமும் மின்னஞ்சலில் இ-வோட்டிங் அறிவிப்புகள் வருகின்றன. என்னிடம் இருப்பது சொற்பப் பங்குகள்தான். ஆனாலும் அறிவிப்பை முழுக்க வாசித்துவிட்டுத்தான் வாக்களிப்பேன். சுயேச்சை இயக்குநர் (முதலாளியோடு தொடர்பில்லாமல் இயக்குநர் குழுவில் இருக்க வேண்டிய வெளியாள்) நியமனத் தீர்மானம் வரும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்வி எழுகிறது: இவர் யாருக்காக அங்கே உட்கார்ந்திருக்கிறார்?

ஹைதராபாத்தின் ஐடி கம்பெனி சத்யத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2008 டிசம்பரில் அதன் தலைவர் ராமலிங்க ராஜு தன் குடும்பத்தாரின் மேட்டாஸ் கம்பெனிகள் இரண்டை 160 கோடி டாலருக்கு வாங்கும் திட்டத்தைப் போர்டில், அதாவது இயக்குநர் குழுவில், வைத்தார். அந்த மேசையில் ஹார்வர்டு பேராசிரியர் இருந்தார், ஹைதராபாத் ஐஎஸ்பி மேலாண்மைக் கல்லூரியின் டீன் இருந்தார், மத்திய அரசின் முன்னாள் கேபினட் செயலாளர் இருந்தார். திட்டம் நிறைவேறியது. அதைத் தடுத்தது போர்டு அல்ல. நியூயார்க்கில் பங்கு விலை சரிந்ததும் முதலீட்டாளர்கள் போட்ட கூச்சலில் சில மணி நேரத்துக்குள் திட்டம் கைவிடப்பட்டது. மூன்று வாரம் கழித்து, 2009 ஜனவரி 7 அன்று, கணக்கே பொய் என்று ராஜு கடிதம் எழுதினார். அதற்குச் சில மாதம் முன்புதான் சிறந்த ஆளுகைக்கான 'கோல்டன் பீகாக்' விருது அந்தக் கம்பெனிக்குக் கிடைத்திருந்தது.

எனக்கு ஆறாதது இதற்குப் பிறகு நடந்தது. நியூயார்க் சந்தையில் சத்யம் பங்கு வாங்கியவர்கள் அமெரிக்க நீதிமன்றத்தில் கூட்டு வழக்குப் போட்டார்கள். 2011ல் கம்பெனி 12.5 கோடி டாலரும், ஆடிட் செய்த பிடபிள்யூசி தரப்பு 2.55 கோடி டாலரும் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டன. மும்பையில் அதே பங்கை வாங்கியவருக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை. முதலீட்டாளர் அமைப்பு ஒன்று நுகர்வோர் ஆணையத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் போயும் வழி திறக்கவில்லை.

பொய்க் கணக்கு ஒன்றுதான், ஏமாந்தவர்களும் ஒரே பங்கை நம்பியவர்கள்தான். எந்த ஊர்ச் சந்தையில் வாங்கினாய் என்பது எப்படி நீதியைத் தீர்மானிக்கலாம்? வெளிநாடுகளில் இருப்பவர்கள், துறையில் வேலை செய்பவர்கள் சொல்லுங்கள்.

அடையாறு சிஎஸ்

நல்ல இழை, மாசிவீதி சார். பல ஆண்டுகளாகக் கம்பெனி செகரட்டரியாக வேலை பார்க்கிறேன். போர்டு மீட்டிங்கில் மினிட்ஸ் எழுதுவது என் தொழில். அந்த நாற்காலியிலிருந்து எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

சுயேச்சை இயக்குநர் என்பது நாம் கண்டுபிடித்த மருந்து அல்ல. இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கும் விதிகளுக்குப் பெரும்பாலும் தாய் 1992ல் வந்த இங்கிலாந்தின் கேட்பரி அறிக்கை. பாலி பெக், பிசிசிஐ வங்கி என்று அடுத்தடுத்துச் சரிந்துகொண்டிருந்த காலம். குழு வேலை செய்துகொண்டிருந்தபோதே ராபர்ட் மேக்ஸ்வெல் இறந்து, தன் தொழிலாளர்களின் ஓய்வூதிய நிதியை அவர் சூறையாடியிருந்தது வெளியே வந்தது. தலைவரும் தலைமை நிர்வாகியும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது, வெளியாட்கள் போர்டில் வேண்டும், ஆடிட் கமிட்டி வேண்டும் என்று கேட்பரி சொன்னார். பின்பற்று, முடியாவிட்டால் ஏன் முடியவில்லை என்று பங்குதாரருக்கு விளக்கு என்பது அங்கே முறை.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெரிய கம்பெனிகளின் பங்குகள் ஓய்வூதிய நிதிகள், காப்பீட்டு நிறுவனங்கள், மியூச்சுவல் ஃபண்டுகள் என்று ஆயிரம் கைகளில் சிதறிக் கிடக்கின்றன. முதலாளி என்று ஒருவர் இல்லை. ஆகவே அங்கே அச்சம் மேனேஜரைப் பற்றி. அவர் சம்பளத்தை அள்ளிக்கொள்வார், கணக்கை ஊதிக் காட்டுவார், தட்டிக் கேட்க ஆள் இருக்காது. அவரைக் கண்காணிக்கத்தான் சுயேச்சை இயக்குநர். என்ரான் 2001 டிசம்பரில் விழுந்ததும் அமெரிக்கா 2002ல் சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம் கொண்டுவந்தது. அதன் கவலையும் மேனேஜர்தான். கணக்குச் சரி என்று தலைமை நிர்வாகியே கையெழுத்துப் போட வேண்டும், பொய்யென்று தெரிந்து போட்டால் சிறை.

நம் ஊரில் மேனேஜர் பெரிய ஆள் இல்லை. கம்பெனியைக் கையில் வைத்திருக்கும் முதலாளியான புரமோட்டர்தான் எல்லாம். பட்டியலிட்ட கம்பெனியில் 75 விழுக்காடு வரை அவர் குடும்பம் வைத்துக்கொள்ளலாம். நமது நோய், பெரிய பங்குதாரர் சிறிய பங்குதாரரின் பணத்தைத் தன் இன்னொரு கம்பெனிக்குக் கொண்டுபோவது. மேட்டாஸ் அதேதான். ஆனால் மருந்தை மட்டும் லண்டனிலிருந்து அப்படியே இறக்கினோம்: 2000ல் பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் 49ஆம் பிரிவு, பிறகு 2013 கம்பெனிச் சட்டம். போர்டில் மூன்றில் ஒரு பங்கு சுயேச்சை இயக்குநர். அவரை வாக்களித்து நியமிப்பது யார்? பெரும்பான்மைப் பங்கு வைத்திருக்கும் புரமோட்டர். கோயில் தர்மகர்த்தாவின் கணக்கைப் பார்க்க அவரே ஆள் வைத்துக்கொள்வது போல.

2016ஐ நினைத்துப் பாருங்கள். டாடா குழுமத்தின் தாய்க் கம்பெனி டாடா சன்ஸ் தன் தலைவர் சைரஸ் மிஸ்திரியை நீக்கியபோது தொழிலதிபர் நுஸ்லி வாடியா குழுமக் கம்பெனிகள் சிலவற்றில் சுயேச்சை இயக்குநர். மிஸ்திரி பக்கம் நின்றார். அந்த டிசம்பரிலேயே டாடா ஸ்டீல், டாடா மோட்டார்ஸ், டாடா கெமிக்கல்ஸ் மூன்றிலும் பங்குதாரர் வாக்கெடுப்பில் அவர் நீக்கப்பட்டார். மிஸ்திரி நீக்கத்தில் யார் பக்கம் நியாயம் என்பது வேறு வாதம். உச்ச நீதிமன்றம் 2021ல் டாடாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. நான் கேட்பது, மாற்றுக் கருத்து சொன்ன சுயேச்சை இயக்குநரை முக்கியப் பங்குதாரர் வாக்கெடுப்பில் வெளியேற்ற முடியும் என்றால், அடுத்தவர் வாய் திறப்பாரா?

2022 ஜனவரியிலிருந்து முதல் நியமனத்துக்கும் சிறப்புத் தீர்மானம், அதாவது முக்கால்வாசி ஆதரவு, வேண்டும் என்று செபி மாற்றியிருக்கிறது. நல்ல மாற்றம். ஆனால் புரமோட்டர் கையில் 70 விழுக்காடு இருக்கும் கம்பெனியில் இதனால் எவ்வளவு மாறும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நெக்கர்கரை

ஸ்டுட்கார்ட் பக்கம் வாகனத் துறையில் இருக்கிறேன். மேடம் சொன்னதோடு ஜெர்மனியை ஒப்பிட்டால் அடிப்படைக் கேள்வியே மாறிவிடும்.

இங்கே பெரிய பங்குக் கம்பெனிக்கு இரண்டு போர்டு. அன்றாட நிர்வாகத்துக்கு ஃபோர்ஸ்டாண்ட். அதை நியமிக்க, நீக்க, கண்காணிக்க ஆஃப்ஸிக்ட்ஸ்ராட் என்ற மேற்பார்வைக் குழு. ஒருவர் இரண்டிலும் இருக்க முடியாது. 1976 சட்டப்படி ஜெர்மனியில் 2,000 பேருக்கு மேல் வேலை செய்தால், மேற்பார்வைக் குழுவில் பாதி இடம் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு. 500 பேரைத் தாண்டினால் மூன்றில் ஒன்று. சமமாகப் பிரிந்தால் தலைவருக்கு இரண்டாவது வாக்கு உண்டு, அவர் பங்குதாரர் தரப்பு. அதனால் கடைசிச் சொல் முதலீட்டுக்குத்தான். ஆனாலும் ஆலையை மூடும் பேச்சை எடுக்கும்போதே எதிரே தொழிற்சங்கத் தலைவர் எல்லாக் கணக்கும் தெரிந்து உட்கார்ந்திருப்பார்.

ஃபோக்ஸ்வாகன் இதன் உச்சம். 20 பேர் கொண்ட குழுவில் 10 பேர் தொழிலாளர் தரப்பு. வாக்குரிமையில் பாதிக்கு மேல் போர்ஷே-பியெக் குடும்பத்திடம், 20 விழுக்காடு லோயர் சாக்ஸனி மாநில அரசிடம். உற்பத்தி ஆலையை இடம் மாற்ற மேற்பார்வைக் குழுவில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்று அந்தக் கம்பெனிக்கென்றே தனிச் சட்டம் உண்டு. 2024 இறுதியில் ஜெர்மன் ஆலைகளை மூடும் பேச்சு வந்தது. கிறிஸ்துமஸுக்குச் சற்று முன் முடிந்த உடன்பாட்டில் 2030க்குள் 35,000 வேலைகள் குறையும், ஆனால் கட்டாயப் பணிநீக்கம் இல்லை என்று முடிவானது. இது தியாகம்தான், ஆனால் பேசி எடுத்த முடிவு. நான் இங்கே வந்ததிலிருந்து இந்த அமைப்பின் மேல் மரியாதை கூடிக்கொண்டே போகிறது.

பொன்னேரி

அதே ஃபோக்ஸ்வாகனில்தானே டீசல் புகை மோசடி நடந்தது? 1.1 கோடி வண்டிகள். பத்துத் தொழிலாளர் பிரதிநிதிகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

நெக்கர்கரை

நியாயமான கேள்வி. குடும்பம், மாநில அரசு, தொழிற்சங்கம் மூன்றுமே உள்ளூர் வேலையையும் விற்பனையையும் காப்பதில் ஒன்றுபட்டிருந்தன. அந்த மேசையில் வெளிக்காற்று குறைவு. வாடிக்கையாளர் பக்கமோ, சிறு பங்குதாரர் பக்கமோ நின்று கேட்க யாரும் இல்லை. தொழிலாளர் பிரதிநிதித்துவம் வேலையைக் காக்கும். மோசடியைப் பிடிக்கும் என்று நான் சொல்ல மாட்டேன்.

பிடிக்கவில்லை என்பதற்கு இன்னும் கசப்பான சாட்சி வயர்கார்டு. டாக்ஸ் என்ற ஜெர்மனியின் முன்னணிப் பங்குக் குறியீட்டில் இருந்த பணப் பரிமாற்றக் கம்பெனி. 2020 ஜூனில் 190 கோடி யூரோ இருப்பு இல்லவே இல்லை என்று தெரிந்து திவாலானது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கு 2019 வரை தனி ஆடிட் கமிட்டி கிடையாது. 2015ல் அது வாங்கிய கம்பெனிகளில் சென்னையின் ஹெர்மஸும் ஒன்று. அந்த வாங்கலின் விலை பற்றிக் கேள்வி கேட்டவர்கள் அப்போதே உண்டு. கண்காணிக்க வேண்டிய பாஃபின் அமைப்பு 2019ல் என்ன செய்தது தெரியுமா? அந்தப் பங்கை ஷார்ட் அடிக்க, அதாவது விலை விழும் என்று பந்தயம் கட்ட, தடை போட்டது, மோசடியை எழுதிய பத்திரிகையாளர்கள் மேல் புகார் கொடுத்தது. இதெல்லாம் நடந்த பிறகு, 2021ல்தான் இத்தகைய கம்பெனிகளுக்கு ஆடிட் கமிட்டி கட்டாயம் என்று சட்டம் வந்தது.

பழைய கேஷியர்

தம்பி நெக்கர்கரை, 1976 என்று சொன்னீர்கள். அந்த ஆண்டை நான் மறக்கவே மாட்டேன். அதே 1976ல் நம் அரசியலமைப்பின் 42ஆம் திருத்தம் 43ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. தொழில் நிர்வாகத்தில் தொழிலாளர் பங்கேற்க அரசு சட்டத்தின் மூலமோ வேறு வழியிலோ நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது அது. நெருக்கடி நிலைக் காலத்துத் திருத்தம், அதில் ஏற்க முடியாதவை நிறைய. ஆனால் இந்த வரி இன்றும் புத்தகத்தில் இருக்கிறது. ஜெர்மனி சட்டம் போட்டு நடத்திக்காட்டியது. நாம் எழுதி வைத்துக்கொண்டோம். 1990ல் மாநிலங்களவையில் ஒரு மசோதா அறிமுகமானது. அது சட்டமாகவே இல்லை.

ஓர் இடத்தில் மட்டும் நடந்தது, அரசுடைமை வங்கிகளில். 1970 சட்டப்படி போர்டில் ஓர் ஊழியர் இயக்குநரும் ஓர் அதிகாரி இயக்குநரும் இருக்க வேண்டும். எங்கள் சங்கத்துத் தோழர் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவன் நான். பெரிய கடன் கோப்புகளில் அவர் கேட்ட கேள்விகள் எந்தப் பேராசிரியரும் கேட்காதவை. கவுண்டரில் உட்கார்ந்தவனுக்கு எந்தக் கடன் எப்படிப் போகும் என்று தெரியும். பிறகு அந்த இடங்களையே பல வங்கிகளில் ஆண்டுக்கணக்கில் நிரப்பாமல் போட்டுவிட்டார்கள். வாராக்கடன் மலையாகக் குவிந்தது எந்த ஆண்டுகளில் என்று யோசியுங்கள். இரண்டுக்கும் காரண காரியம் காட்ட என்னால் முடியாது. ஆனால் கேள்வி கேட்கும் நாற்காலியைக் காலியாக வைத்தது யார் வசதிக்கு?

கான்சாய்

ஒசாகாவிலிருந்து. ஜப்பானையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வடிவத்தை மட்டும் மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை.

இங்கே பழைய முறையில் முதலாளியும் இல்லை, சந்தையும் இல்லை. பிரதான வங்கியும், ஒன்றின் பங்கை மற்றொன்று வைத்திருக்கும் நட்புக் கம்பெனிகளும் சேர்ந்து நிர்வாகத்தைக் காத்தன. போர்டு முழுக்க அதே கம்பெனியில் இளைஞராகச் சேர்ந்து படிப்படியாக ஏறியவர்கள். 2003ல் சட்டம் ஒரு மாற்று வழியைக் கொடுத்தது: அமெரிக்க பாணியில் நியமனம், ஊதியம், ஆடிட் என்று மூன்று கமிட்டி வைத்துக்கொள்ளலாம். உடனே மாறிய கம்பெனிகளில் தோஷிபா ஒன்று. ஆளுகையில் முன்மாதிரி என்று பெயர் வாங்கியது. 2015ல் என்ன தெரிந்தது? பல ஆண்டுகளாக லாபத்தை 15,000 கோடி யென்னுக்கு மேல் கூட்டிக் காட்டியிருந்தார்கள். மேலிருந்து எட்ட முடியாத இலக்கு வரும், கீழே இருப்பவர் கணக்கை வளைப்பார். ஆடிட் கமிட்டியின் தலைவர் யார்? அதே கம்பெனியின் முன்னாள் நிதித்தலைவர். தான் இருந்த காலத்துக் கணக்கைத் தானே பார்த்தார். 2023 டிசம்பரில் தோஷிபா பங்குச்சந்தையிலிருந்தே வெளியேறியது.

கேமராவுக்குப் பெயர்பெற்ற ஒலிம்பஸின் கதை இன்னும் நேரடியானது. மைக்கேல் வுட்ஃபோர்டு என்ற ஆங்கிலேயர் 2011 அக்டோபரில் தலைமை நிர்வாகியாகிறார். பழைய கம்பெனி வாங்கல்களில் தரகுக்காக மட்டும் கோடிக்கணக்கில் ஏன் போயிருக்கிறது என்று கேட்கிறார். இரண்டு வாரத்தில் போர்டு கூடி அவரை நீக்கியது, அவரைத் தவிர எல்லோரும் ஆதரவு. தொண்ணூறுகளிலிருந்து மறைத்து வந்த முதலீட்டு நட்டத்தைப் புதைக்கத்தான் அந்தப் பணம் போயிருந்தது.

ஆனால் 2015க்குப் பிறகு இங்கே உண்மையாகவே மாற்றம் வருகிறது. அந்த ஆண்டு ஆளுகை நெறிமுறை வந்தது. 2023 மார்ச்சில் டோக்கியோ பங்குச்சந்தை, முதலீட்டுச் செலவையும் பங்கு விலையையும் மனத்தில் வைத்து நிர்வாகம் செய்யுங்கள், புத்தக மதிப்புக்கு (கணக்குப்படி கம்பெனியின் நிகரச் சொத்து மதிப்புக்கு) கீழே பங்கு விற்கிறதென்றால் என்ன செய்யப்போகிறீர்கள் என்று எழுதிச் சொல்லுங்கள் என்று கேட்டது. தண்டனை எதுவும் இல்லை. ஆனால் திட்டம் வெளியிட்டவர்களின் பட்டியலைப் பிறகு பகிரங்கமாக வெளியிடத் தொடங்கியது. பட்டியலில் பெயர் இல்லாதது இங்கே தாங்க முடியாத அவமானம். அபராதத்தைவிட அது வேகமாக வேலை செய்ததை என் கண்ணால் பார்த்தேன்.

மாசிவீதி

கான்சாய், மிக்க நன்றி. அப்படியென்றால் புரமோட்டர் ஆதிக்கம் உள்ள நாடுகளில் நமக்குப் பக்கத்துத் துணை யார்? கொரியாவா?

இஞ்சியோன்

ஆமாம், கொரியாதான். இங்கே ஆராய்ச்சி மாணவன் நான்.

2015ல் சாம்சங் சி அண்ட் டி கம்பெனியை அதே குழுமத்தின் செய்ல் இண்டஸ்ட்ரீஸோடு இணைத்தார்கள். ஒரு சி அண்ட் டி பங்குக்கு 0.35 செய்ல் பங்கு. வாரிசு லீ ஜே-யோங்குக்குச் செய்லில் நிறையப் பங்கு, சி அண்ட் டியில் இல்லை. எனவே விகிதம் யாருக்கு லாபம் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. எலியட் என்ற அமெரிக்க நிதி எதிர்த்தது. தேவையான மூன்றில் இரண்டு பங்கை ஒட்டித்தான் தீர்மானம் தேறியது, தேசிய ஓய்வூதிய நிதியின் வாக்கு கைகொடுத்தது. அந்த நிதியை அழுத்திய குற்றத்துக்காக முன்னாள் அமைச்சர் ஒருவர் சிறை சென்றார். இணைப்பு தொடர்பான வழக்கில் லீ விடுதலையானதை 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

அதே ஜூலையில் நாடாளுமன்றம் வணிகச் சட்டத்தைத் திருத்தியது. இயக்குநரின் கடமை கம்பெனிக்கு என்று மட்டும் இருந்ததை, கம்பெனிக்கும் பங்குதாரர்களுக்கும் என்று மாற்றினார்கள். ஒன்றரைக் கோடி பேர் அளவுக்குச் சாதாரண மக்கள் பங்கு வைத்திருக்கும் நாடு. அவர்கள் கோபம் வாக்காக மாறியதால்தான் இது நடந்தது.

அடையாறு சிஎஸ்

இஞ்சியோன் சொன்னது என் வாதத்துக்கு நேராக வருகிறது. புரமோட்டர் நாட்டில் வேலை செய்யும் மருந்து மேசையில் இன்னொரு நாற்காலி அல்ல. தன் லாபம் சம்பந்தப்பட்ட விஷயத்தில் பெரிய பங்குதாரர் வாக்களிக்கக் கூடாது என்ற விதிதான். நம்மிடம் அது இருக்கிறது! பெரிய ரிலேட்டட் பார்ட்டி பரிவர்த்தனைக்கு, அதாவது புரமோட்டரின் உறவுத் தரப்போடு நடக்கும் கொடுக்கல் வாங்கலுக்கு, ஒப்புதல் தரும் வாக்கை உறவுத் தரப்பு போட முடியாது.

அதன் பலத்தை மாருதியில் பார்த்தோம். 2014 ஜனவரியில், குஜராத் ஆலையை மாருதிக்குப் பதில் தாய்க் கம்பெனி சுசுகியே சொந்தமாகக் கட்டும் என்று அறிவித்தார்கள். மியூச்சுவல் ஃபண்டுகள் கடுமையாக எதிர்த்தன. விதிமுறைகளை மாருதிக்குச் சாதகமாகத் திருத்தி, 2015 டிசம்பரில் சிறு பங்குதாரர் வாக்குக்கு விட்டார்கள். திருத்திய திட்டம் பெரும் ஆதரவோடு தேறியது. அது தேறியது எனக்கு முக்கியமில்லை. கேட்டே ஆக வேண்டும் என்ற நிலை வந்ததும் திட்டமே மாறியதே, அதைத்தான் பார்க்கிறேன். 2021 ஆகஸ்டில் ராயல் என்ஃபீல்டின் தாய்க் கம்பெனி ஐஷரில், சித்தார்த்த லால் நியமனமும் ஊதியமும் சேர்ந்த சிறப்புத் தீர்மானம் 75 விழுக்காடு கிடைக்காமல் விழுந்தது. ஊதியத்துக்கு வரம்பு போட்டு மறுபடி கொண்டுவந்தார்கள்.

தொழிலாளர் இயக்குநர் பற்றி ஐயா சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது சிறு பங்குதாரர் பிரச்சினையைத் தீர்க்காது. புரமோட்டரும் தொழிற்சங்கமும் கை கோத்தால் வெளியே நிற்பவர் இன்னும் வெளியே போவார், ஃபோக்ஸ்வாகன் போல.

பழைய கேஷியர்

அம்மா, உங்கள் வாக்கு விதி நல்லதுதான். ஆனால் சத்யம் சரிந்தபோது ஐம்பதாயிரம் குடும்பங்களின் சோறு ஆபத்தில் இருந்தது. பங்கை விற்றுவிட்டு வெளியேறலாம், வேலையை விட்டு அப்படிப் போக முடியுமா? அன்று அரசு சில நாட்களில் பழைய போர்டைக் கலைத்துப் புதிய இயக்குநர்களைப் போட்டது. ஏப்ரலில் டெக் மகிந்திரா வாங்கியது, வேலைகளில் பெரும்பகுதி பிழைத்தது. அதே அமெரிக்காவில் என்ரான் ஊழியர்கள் வேலையையும், கம்பெனிப் பங்கிலேயே போட்டு வைத்த ஓய்வுக்காலச் சேமிப்பையும் சேர்த்து இழந்தார்கள். நட்டஈட்டை மட்டும் வைத்து எந்த நாடு மேல் என்று அளக்காதீர்கள். இதில் நான் என் நிலையிலேயே நிற்கிறேன்.

பொன்னேரி

மாசிவீதி அண்ணன் முதலில் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லையே. நம் ஊரில் ஏன் நட்டஈட்டு வழக்கு நடப்பதில்லை? சட்டமே இல்லையா?

அடையாறு சிஎஸ்

சட்டம் இருக்கிறது. 2013 சட்டத்தின் 245ஆம் பிரிவு, சத்யத்துக்குப் பிறகு வந்ததுதான், 2016லிருந்து நடைமுறையில் உள்ளது. நூறு பங்குதாரர் சேர்ந்தால் போதும், தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். இயக்குநர், ஆடிட்டர் எல்லோரிடமும் நட்டஈடு கேட்கலாம்.

இப்படிப்பட்ட வழக்கு அரிதாகவே நடப்பதற்குக் காரணம் செலவு. அமெரிக்காவில் வக்கீல் வழக்கைத் தன் பணத்தில் நடத்தி, ஜெயித்தால் கிடைக்கும் தொகையில் பங்கு எடுப்பார். பாதிக்கப்பட்டவர்கள் தனித்தனியாக வந்து சேர வேண்டியதில்லை, விலகுகிறேன் என்று சொன்னவர் தவிர எல்லோரும் வழக்கில் உண்டு. இங்கே வக்கீல் வழக்கின் பலனில் பங்கு கேட்பதை பார் கவுன்சில் விதி தடுக்கிறது. பத்தாயிரம் ரூபாய் இழந்தவர் லட்சக்கணக்கில் கட்டணம் கட்டி எத்தனை ஆண்டு நடப்பார்? செலவுக்கு முதலீட்டாளர் பாதுகாப்பு நிதியிலிருந்து தாராளமாக முன்பணம் தராதவரை இந்தப் பிரிவு ஏட்டில்தான் இருக்கும் என்பது என் உறுதியான கருத்து.

மாசிவீதி

மேடம், வழக்கு வரை போகாதவர்கள் குறைந்தபட்சம் எதைப் பார்க்க வேண்டும்? எந்தக் காகிதம்?

அடையாறு சிஎஸ்

ஏஜிஎம் அறிவிப்பில் தீர்மானத்தின் வாசகத்தைவிட அதன் பின்னால் வரும் விளக்க அறிக்கையைப் படியுங்கள், சார். ரிலேட்டட் பார்ட்டி தீர்மானம் என்றால் தொகை, கம்பெனியின் விற்றுவரவில் அது எத்தனை விழுக்காடு, எதிர்த்தரப்பில் புரமோட்டருக்கு எவ்வளவு பங்கு, விலையை யார் மதிப்பிட்டார்கள் என்ற நான்கும் இருக்கிறதா என்று பாருங்கள். சுயேச்சை இயக்குநர் என்றால் அவர் வேறு எத்தனை போர்டுகளில் இருக்கிறார், கடந்த ஆண்டு கூட்டங்களுக்கு வந்தாரா என்று ஆண்டறிக்கையில் தெரியும்.

கூட்டம் முடிந்து இரண்டு வேலை நாளுக்குள் வாக்கு முடிவு பங்குச்சந்தை இணையதளத்தில் வந்துவிடும். அதில் புரமோட்டர், பொது நிறுவனங்கள், பொது மற்றவர் என்று மூன்று வரிசை தனித்தனியாக இருக்கும். மொத்தத்தில் 98 விழுக்காடு ஆதரவு என்று செய்தி வரும். நீங்கள் இரண்டாவது வரிசையைப் பாருங்கள். சில நேரம் அங்கே பாதிக்கு மேல் எதிர்த்திருப்பார்கள். இந்த ஆண்டு அப்படி எதிர்ப்பு வந்த தீர்மானங்களை யாராவது கண்டால் இங்கே பதியுங்கள், ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.